பதினான்காம் நம்பர் நன்றாக இருக்கிறது

பிரசவ ஆஸ்பத்திரியில் அவளைத் தண்ணியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்தது. மாதாமாதம் சம்பளச் சீட்டில் வந்து முகம் காட்டிவிட்டுப் போகும். மற்றபடி பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் தண்ணியம்மாதான். புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸுகள் குடிதண்ணீர் கொடுக்கிறவள் என்று நினைத்து டம்ளரை நீட்டுவார்கள். "நான் தண்ணி ஊத்துறது வேற வாய்க்கும்மா. அதைக் குடிச்சா நீ இங்கயே அட்மிட் ஆகணும்" என்பாள்.

அந்த வேறு வாய்கள் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் ஒரு நீள அறையில் இருந்தன. மொத்தம் அறுபது. ஒவ்வொன்றும் வாளி உயரத்துக்கு, உள்ளே இருப்பது தெரிகிற பெட்டி. அதற்குள் ஈயத் தகடுகளும் அமிலமும். செல் என்பார்கள். மேல்வரிசையில் முப்பது, கீழ்வரிசையில் முப்பது என்று இரும்புச் சட்டத்தில் அடுக்கி, ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். மின்சாரம் போனால் மாடியில் ஆபரேஷன் தியேட்டரின் விளக்கும், மயக்க மருந்து மெஷினும், பிறந்த குழந்தைக்கு மூச்சு கொடுக்கிற பெட்டியும் இந்த அறுபதை நம்பித்தான் இருக்கும். ஜெனரேட்டர் உறுமி எழுந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்குகிறவளாகத்தான் அவள் உள்ளே வந்தாள். பேட்டரி அறைக்குப் போக ஒருத்தரும் தயாராக இல்லை. ஒரு சொட்டு அமிலம் தெறித்தால் துணியில் ஓட்டை. யாரும் போகாத இடத்துக்கு யாரை அனுப்புவார்கள்? மறுத்துப் பேசத் தெரியாதவளைத்தான். அனுப்பினார்கள். மூன்று வாரம் பயிற்சியும் கொடுத்தார்கள். அவளுடைய உடுப்பில் மிளகு தூவினாற்போல் ஓட்டைகள் விழுந்தன. மகள்கள் இரண்டு பேரும் குழந்தைகளாக இருந்தபோது அவள் மடியில் படுத்துக்கொண்டு, ஓட்டைக்குள் விரலை விட்டு எண்ணி விளையாடுவார்கள். பெரியவள் இருபது வரை எண்ணித் தூங்கிவிடுவாள். சின்னவள் கடைசி ஓட்டை வரைக்கும் விடமாட்டாள்.

வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. செல்லில் தண்ணீர் குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு கரண்டி போனாலும் விஷம். முனைகளில் பூக்கிற வெள்ளைப் பூஞ்சையைத் துடைத்து, போல்ட்டை முறுக்கி, பசை தடவ வேண்டும். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதக்கிற முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆயிரத்து இருநூற்றுப் பத்து, பதினைந்து என்று நின்றால் செல் திடமாக இருக்கிறது. இறங்கினால் நோவு.

அறுபதையும் வாராவாரம் இப்படிப் பார்க்க எந்த ஆஸ்பத்திரியிலும் ஆள் கிடையாது. அதற்காக இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தில் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பைலட் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். வாரம் ஒருமுறை அதை மட்டும் பார்த்தால் போதும். அது நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாக இருக்கும் என்று கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அறுபதையும் ஒன்று விடாமல் அளந்து எழுத வேண்டும்.

தண்ணியம்மாவின் பைலட் பதினான்காம் நம்பர். மேல்வரிசை, கதவுக்குப் பக்கம், நெஞ்சு உயரம். குனிய வேண்டாம், டார்ச் வேண்டாம், வராந்தாக் காற்று வேறு வரும். வாராவாரம் அளக்கிறோமே என்று அதை வாராவாரம் துடைப்பாள். துடைக்கிறோமே என்று போல்ட்டையும் முறுக்குவாள். தண்ணீரும் முதலில் அதற்குத்தான். இப்படித்தான் ஒரு செல்லப்பிள்ளை உருவாகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. யாராவது மேலதிகாரி அறைக்குள் எட்டிப் பார்த்தால் அவர் கண்ணில் முதலில் படுவதும் பதினான்காம் நம்பர்தான். "அடடா, புதுசு மாதிரி வெச்சிருக்கீங்களே" என்பார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும். ஏன் இருக்காது?

பிறகு வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. கனத்த உடம்பு. தூக்கி உட்கார வைக்க, புரட்டிப் படுக்க வைக்க, குளியலறைக்குக் கொண்டுபோக என்று நாலே மாதத்தில் அவள் வலது முட்டி போய்விட்டது. தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சின்னவள், "நீ வேலைக்குப் போம்மா, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டோடு நின்றாள். பெரியவள் கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள், தினமும் போன் செய்து "அப்பா எப்படி இருக்கார்?" என்று கேட்பாள். எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அப்பா நன்றாகத்தான் இருந்தார். சவரம் செய்த முகம், வெளுத்த துணி, படுக்கைப் புண் ஒன்றுகூடக் கிடையாது. பார்த்துவிட்டுப் போனவர்கள் அசந்துபோனார்கள்.

முட்டி போன பிறகு வந்த முதல் மூன்று மாத அளவின்போது தண்ணியம்மா மேல்வரிசை முப்பதையும் அளந்துவிட்டாள். கீழ்வரிசைக்கு மண்டி போட வேண்டும். மண்டி போட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டும். பதினான்காம் நம்பர் ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து காட்டியது. அப்படியானால் மற்றவை என்ன காட்டும்? ஒன்று இருநூற்றுப் பத்து, ஒன்று பதினைந்து, ஒன்று இருபது. அதைத்தான் எழுதினாள். ஒரே எண்ணாக எழுதினால் சந்தேகம் வரும் என்று கலந்து கலந்து எழுதினாள். அடுத்த முறை மேல்வரிசையிலும் பாதி. அதற்கடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுபதையும் எழுதிவிட்டாள். பக்கத்தின் அடியில் மேற்பார்வை இன்ஜினியர் கையெழுத்துப் போட்டார். புத்தகம் அழகாக இருந்தது.

தவறு என்று தெரியாதா? தெரியும். ஆனால் களைத்துப்போனவர்களுக்குத் தவறு தெரிவது ஒரு பக்கம் இருக்கும், நாற்காலி ஒரு பக்கம் இருக்கும். நாற்காலிதான் ஜெயிக்கும்.

இதற்கு நடுவில், கருவிகளை நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்கிற பிரிவைப் பேட்டரி அறைக்குப் பின்பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அறையின் கோடியில் இருந்த சுவர் சுட ஆரம்பித்தது. "சுவர் சுடுது சார்" என்று ஒருமுறை இன்ஜினியரிடம் சொன்னாள். அவருக்கு லிஃப்ட், குழாய், குளிர்சாதனம் என்று தலைக்கு மேல் வேலை. "வெயில் காலத்துல எந்தச் சுவர்தாம்மா சுடலை?" என்றார். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் தண்ணீர் ஊற்றும்போது ஒன்று கவனித்தாள். மூன்று மாதத்துக்கு இரண்டு கேன் பிடித்த இடத்தில் இப்போது ஐந்து கேன் போயிற்று. எல்லாம் கோடியில் இருந்த செல்கள் குடித்தவை. நீளக் குழாயை நீட்டி, நின்றபடியே ஊற்றிவிட்டு, அதைப் பற்றி யோசிக்காமல் வெளியே வந்துவிடுவாள்.

பணி ஓய்வுக்கு முப்பத்துநான்கு நாள் இருந்தபோது இன்ஜினியர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"வர்ற புதன்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தறாங்க தண்ணியம்மா. நம்ம ஜெனரேட்டரும் பழுதுக்குப் போயிருக்கு. வாடகை ஜெனரேட்டர் வருது. ஒயரை மாத்திக் கொடுக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் தியேட்டர் உங்க பேட்டரியிலதான் ஓடணும். தாங்கும்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"அந்த நேரத்துல ஆபரேஷன் இல்லாம பாத்துக்குவாங்கல்ல சார்?"

"பிரசவம் நம்மளைக் கேட்டுட்டா வருது? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"ஒரு தடவை லோடு போட்டுப் பாத்துடலாமே சார்" என்றாள். லோடு போடுவது என்றால், பெரிய கம்பிச்சுருள் பெட்டியைக் கொண்டுவந்து இணைத்து, மின்சாரம் நின்றால் எப்படி உழைக்க வேண்டுமோ அப்படிப் பேட்டரியை உழைக்க வைத்துப் பார்ப்பது. சார்ஜர் தாங்கிப் பிடித்திருக்கும்வரை மீட்டரில் எந்தச் செல்லும் நல்ல செல்தான். கையை எடுத்தால்தான் சொந்தக் காலில் நிற்கிறதா என்று தெரியும்.

"அதுக்குப் பெட்டியை வெளியேர்ந்து வரவழைக்கணும், தியேட்டரை அரை நாள் சும்மா போடணும். எதுக்கு? புத்தகத்துல ஒரு செல்கூடக் குறையலையே. நீங்க எழுதினதுதானே?"

"காகிதத்தை வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்குத் தர்றேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவள் வழக்கம்போல முதலில் கட்டிலைத்தான் எட்டிப் பார்த்தாள். "எப்படி இருக்கீங்க?" வீட்டுக்காரர் நல்ல கையை உயர்த்திக் காட்டினார். நன்றாக இருந்தார். சின்னவள் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணியம்மா சாப்பிட்டாள், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னும் முப்பத்துநான்கு நாள். கையெழுத்துப் போட்டால் அரை மணி நேரம் எப்படியோ தாங்கிவிடலாம். முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூடத் தியேட்டர் இருண்டதில்லை. அந்தப் பேரோடு, சுவர்க்கடிகாரத்தைப் பரிசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். உண்மையைச் சொன்னால்? அந்தப் பேர் அன்றோடு சரி. முப்பத்தோரு வருஷம் செய்த வேலை இரண்டே முக்கால் வருஷம் செய்யாத வேலைக்குள் மூழ்கிவிடும்.

தாங்காவிட்டால்? வயிறு திறந்து கிடக்கிற ஒருத்தி. யாருடைய மகளோ. அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பழைய தலையணை ஒன்றைக் கோடியில் போட்டு, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். வலி உச்சந்தலை வரைக்கும் ஏறியது. டார்ச்சை அடித்தாள். ஐம்பத்தெட்டாம் நம்பர் அவளைப் பார்த்தது. மூடி உப்பி, முனைகள் மேலே தள்ளிக்கொண்டிருந்தன. தகடுகள் உதிர்ந்த பழுப்புச் சேறு அடியில் முக்கால் விரல் உயரத்துக்குப் படிந்திருந்தது. வெப்பமானியை வைத்தாள்: நாற்பத்திரண்டு டிகிரி. கதவுப் பக்கம் பதினான்காம் நம்பரில் இருபத்தேழு. பத்து டிகிரி கூடினால் செல்லின் ஆயுளில் பாதி போய்விடும் என்று பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். அவளே அதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

முள் ஆயிரத்து நூற்று முப்பதில் நின்றது.

"இத்தனை நாளாத் தண்ணி தண்ணின்னு கேட்டியே, நான்தான் காதுல போட்டுக்கலை" என்று அதனிடம் சொன்னாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்ததை அளந்தாள். அறுபதையும் அளந்து முடிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. கீழ்வரிசையில் ஒவ்வொரு செல்லுக்கும் தலையணையை நகர்த்தி நகர்த்திப் போட்டாள். பதினேழு செல்கள் தேறாது. அத்தனையும் சூட்டுச் சுவரை ஒட்டியவை.

புதுப் பக்கத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய் இன்ஜினியர் மேஜையில் அருகருகே வைத்தாள். அவர் மாறிமாறிப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"இன்னிக்குக் காலையில."

"அப்ப இது?"

"அது எடுக்கலை சார். எழுதினது."

"எத்தனை நாளா?"

"முட்டி போனதுலேர்ந்து. ரெண்டு வருஷம் எட்டு மாசம்." பூசி மெழுகுவதற்கு நூறு வார்த்தை அவளிடம் இருந்தன. வழியெல்லாம் தயார் செய்துகொண்டுதான் வந்தாள். வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வந்தது. "எனக்கு முடியலை சார். முடியலைன்னு சொல்லியிருக்கணும். சொல்லாம எழுதிட்டேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து இருந்தது. "நானும்தான் பாக்காமப் போட்டிருக்கேன்" என்றார். அவர் போனை எடுத்துக் கம்பிச்சுருள் பெட்டிக்குச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தியேட்டர் காலியாக இருந்தபோது லோடு போட்டார்கள். இன்ஜினியர் கையில் கடிகாரம். தண்ணியம்மா மீட்டரோடு ஐம்பத்தெட்டாம் நம்பருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் அது இறங்கத் தொடங்கியது. ஏழில் பக்கத்தில் இருந்தவையும் சேர்ந்து இறங்கின. ஒன்பதாவது நிமிஷத்தில் அவை படுத்துவிட, அவற்றோடு கோத்திருந்த மொத்தக் கூட்டமும் நின்றுபோயிற்று. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் எழுந்துபோய்ப் பதினான்காம் நம்பரில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு வோல்ட். அதற்கென்ன, அது நன்றாகத்தான் இருந்தது.

"அரை மணி நேரம்னு கையெழுத்துக் கேட்டேன்" என்றார் இன்ஜினியர். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

டிரான்ஸ்ஃபார்மர் வேலையைத் தள்ளிவைத்தார்கள். அவளுக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. ஒரே பத்தியில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். வழியனுப்பு விழாவையும் தள்ளிவைத்தார்கள். எந்தத் தேதிக்கு என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வராந்தாவில் எதிரே வந்த நர்ஸுகள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கெட்ட பதினேழை மட்டும் மாற்றினால் போதாதா என்று மேலிடத்தில் கேட்டார்கள். "பழசோட சேத்தா புதுசும் சீக்கிரம் படுத்துடும். மாத்தினா அறுபதையும் மாத்தணும்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். இந்த ஒன்றிலாவது அவள் சொன்னது எடுபட்டது. சூட்டுச் சுவரை மறைத்து வெப்பம் தாங்கும் பலகை அடித்தார்கள். காற்றை வெளியே தள்ள ஒரு மின்விசிறியும் வந்தது.

கடைசி நாளன்று புதுச் செல்கள் அறுபதும் சட்டத்தில் ஏறியிருந்தன. இன்ஜினியர் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். "பைலட்டை நீங்களே குறிச்சுட்டுப் போங்க. பதினாலுதானே?"

அவள் கோடிக்கு நடந்தாள். மெதுவாக, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கீழ்வரிசையில் சுவரை ஒட்டியிருந்த ஐம்பத்தெட்டாம் நம்பர்மேல் வட்டம் போட்டாள்.

"அங்கயா? வர்றவங்க வாராவாரம் திட்டுவாங்க உங்களை."

"திட்டட்டும் சார். ரொம்பக் கஷ்டத்துல இருக்கிறதைக் கேட்டாத்தான் நெலவரம் தெரியும். கதவோரத்துல காத்து வாங்குறதைக் கேட்டா அது நல்லாருக்கேன்னுதான் சொல்லும். அப்பறம், வருஷத்துக்கு ஒருதடவை லோடு போடுங்க. புத்தகத்தை நம்பாதீங்க. என் புத்தகமா இருந்தாலும்."

சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டாள். வாசல் காவலாளி மட்டும் எழுந்து நின்று, "வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க தண்ணியம்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது கூடத்தில் கட்டில். வீட்டுக்காரர் அவளைப் பார்த்ததும், கேள்வி வருமுன்பே நல்ல கையை உயர்த்தினார். அவள் அந்தக் கையை ஒருதரம் தொட்டுவிட்டு நேராக உள்ளே போனாள். பின்கட்டில் சின்னவள் வாளிக்கு முன்னால் குந்தி, படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். நேற்றும் பிழிந்திருப்பாள். நாளையும் பிழிவாள்.

"எப்படிடி இருக்கே?" என்றாள் தண்ணியம்மா.

"மத்தியானம் நல்லாச் சாப்பிட்டார்மா. தூங்கவும் தூங்கினார்."

"அப்பாவைக் கேக்கலை. உன்னைக் கேட்டேன்."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்ததோ என்று பயந்தவள்போல அம்மாவின் முகத்தைத் தேடினாள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

அது அளந்து சொன்ன பதில் இல்லை. அப்படிப்பட்ட பதில்களைத் தண்ணியம்மா தன் கையால் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். முட்டியைப் பார்க்காமல் ஈரத் தரையில் மண்டி போட்டாள். மகளின் கையிலிருந்து விரிப்பை வாங்கி வாளியில் போட்டாள். கை சூடாக இருந்தது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. கண்ணுக்கடியில் கருவளையம், முன்நெற்றியில் நரை. இருபத்தெட்டு வயதில் நரை. இது எப்போது வந்தது?

"எங்கடி வலிக்குது?"

சின்னவளின் ஒரு கை முதுகுப் பக்கம் போயிற்று. உதடு கோணியது. "இடுப்பும்மா" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுகிற தெம்புகூட அந்தக் குரலில் இல்லை. தண்ணியம்மா ஈரக்கையோடு மகளை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். சின்னவளின் விரல் அம்மாவின் உடுப்பில் இருந்த ஒரு ஓட்டைக்குள் தானாகப் போயிற்று.

"நாளைலேர்ந்து வீட்டுலதான் இருப்பேன். அப்பாவைத் தூக்குறதுக்கு ஆள் பாத்துக்கலாம், இல்லைன்னா நாம ரெண்டு பேரும் சேந்து தூக்கலாம். நீ தையக் கடைக்குப் போ."

"உன் முட்டி?"

"அதை அப்பறம் பாப்போம். முதல்ல நீ சொல்லு. இடுப்பு ஒண்ணு. வேற எங்கெல்லாம் வலிக்குது? ஒண்ணு விடாமச் சொல்லு."